ஃப்ரீசருக்கு மாலை

ஃப்ரீசருக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள்.

சாமந்தி மாலை. கதவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அதன் தலைமேல் ஒரு பொரிப் பொட்டலமும் கறுத்துப்போன இரண்டு வாழைப்பழங்களும். கோமதிநாயகம் ஒரு கணம் மரியாதையாகத்தான் நின்றார். அதன் பிறகுதான் அந்த அறையில் எப்போதும் கேட்கிற உறுமல் கேட்கவில்லை என்பது உறைத்தது.

குனிந்து பார்த்தார். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒயரை அழகாகச் சுருட்டி வைத்து, அதற்கும் ஒரு பொட்டு.

கதவைத் திறந்தார். முகத்தில் குளிர் அடிக்கவில்லை. காயாத துணியின் வாடை அடித்தது.

"யக்கா," என்று கூப்பிட்டார். பதில் வராமல் மறுபடி கூப்பிட்டார். "பாஞ்சாலியக்கா, இத யாரு ஆஃப் பண்ணது?"

துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள் பாஞ்சாலி. லேப் பெருக்கித் துடைக்கிறவள். பக்கத்து ஊர்க்காரி. இன்னொரு கையில் குங்குமக் கிண்ணம்.

"நான்தான் சார். நீங்கதான சொன்னீங்க."

"நானா?"

"ஆயுத பூஜைக்கு லீவு வுட்ட அன்னிக்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பையத் தூக்கினு ஓடினீங்களே. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிடு, ஒண்ணையும் வுடாதன்னு சாவியக் குடுத்தீங்க. ஆஃப் பண்ணிட்டு வெக்கட்டுமா சார்னேன். ஆமாமான்னீங்க."

"ஃபேனச் சொல்லுதன்னு நெனச்சேன்க்கா."

"ஓடிக்கினே இருக்கற மிசினுக்குப் பொட்டு வெச்சா, அப்பறம் அதுக்கு இன்னா சார் ரெஸ்ட்டு? வருசத்துல ஒரு தபா. அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி, ராவும் பகலும் ஓடினு கீது."

"அலாரம் அடிச்சிருக்குமே?"

"அடிச்சுது. பூஜை நேரத்துல ஒப்பாரி வெச்சா மாரி. செக்யூரிட்டி சுபாஷ் தம்பிதான் பேட்டரிய உருவி வுட்டாரு."

"பக்கத்துல இருக்க ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுதே?"

"அதுல சுண்டலுக்குத் தேங்கா, மோருக்குத் தயிரெல்லாம் கீது சார். கெட்டுப் பூடும்ல?"

கோமதிநாயகம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நாற்காலிக்கும் பொட்டு இருந்தது.

கார்களும் கண்ணாடியும் டயரும் செய்கிற பெரிய பெரிய கம்பெனிகளுக்கு நடுவே, ஒரகடம் சிப்காட்டின் ஒரு மூலையில் இருக்கிற சின்னக் கம்பெனி அது. அங்கே செய்வது ஆஸ்பத்திரிகளுக்கான ரத்தச் சோதனை அட்டை. உடம்புக்குள் எங்கேயாவது ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டால், அந்தக் கட்டியிலிருந்து ஒரு புரதத் துணுக்கு பிய்ந்து ரத்தத்தில் மிதக்கும். டி-டைமர் என்று பெயர். கொரோனா காலத்தில் தெருவுக்குத் தெரு எல்லோரும் டாக்டர் மாதிரி உச்சரித்த பெயர். அந்தத் துணுக்கை மட்டும் அடையாளம் கண்டு பிடித்து நிறுத்துகிற சரக்குக்குத்தான் ஆன்டிபாடி என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வரும். கட்டைவிரல் அளவு புட்டியில் சில சொட்டு. அதை வைத்துத்தான் ஆயிரக்கணக்கான அட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத கோடு இழுப்பார்கள். அதற்கு ஒரே ஒரு பிடிவாதம், உறைந்தே கிடக்க வேண்டும்.

அது லீவு முழுக்க ஒரகடத்து வெயிலில் வெந்து கிடந்திருக்கிறது.

செல்போன் அடித்தது. சந்திரலேகா மேடம். கம்பெனியின் தலைமை.

"கோமதி, ஆர்டர் விஷயமா டாக்டர் லீலா டீம் சென்னை ஆஸ்பத்திரியிலேருந்து கிளம்பிட்டாங்க. மத்தியானம் இங்க இருப்பாங்க. புது பேட்ச் ஒண்ணு அவங்க கண்ணு முன்னாடி டெஸ்ட் பண்ணிக் காட்டணுமாம். ரெடிதானே?"

"ரெடி மேடம்."

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத வாய். அதனால்தான் இவ்வளவு சுத்தமாக வந்தது.

சந்திரலேகா மேடம் யாரையும் திட்ட மாட்டார். கோமதிநாயகத்துக்கு முன்னால் அந்தக் குவாலிட்டி ஆபீசர் நாற்காலியில் இருந்தவர் ஒரு நாள் ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாக மூடாமல் போய்விட்டார். மறுநாள் காலை மேடம், "உங்க டிபன் பாக்ஸ், குடை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில போட்டு கேட்டுல வெச்சிருக்கோம், எடுத்துக்கங்க" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். கதவை மூடாதவனுக்கே அது என்றால், மாலை போட்டுப் படுக்க வைத்தவனுக்கு என்ன கிடைக்கும்? மறைமலை நகரில் வாடகை வீடு, பிளஸ் டூ படிக்கிற மகள், நாற்பத்து மூன்று வயதில் மறுபடி பயோடேட்டா. கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் ஒரு அட்டைப்பெட்டி தெரிந்தது.

ஏற்கெனவே அன்று அவருக்கு நேரம் சரியில்லை. சங்கரன்கோவிலிலிருந்து விடிய விடிய பஸ். லீவு முடிந்து திரும்புகிற கூட்டத்தில் கடைசி வரிசை நடு சீட்டுதான் கிடைத்தது. காலை மடக்கியவர் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் நீட்டவில்லை. இறங்கி வந்தால், கம்பெனி வாசலில் உடைத்துப் போட்ட திருஷ்டிப் பூசணிக்காயில் வழுக்கினார். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. பஸ்ஸையும் பூசணிக்காயையும் மாறி மாறித் திட்டியபடிதான் லேப்புக்கு ஏறி வந்திருந்தார். லிஃப்ட் ஓடவில்லை. அதற்கும் மாலை.

*

ஆன்டிபாடி செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா? அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதை வைத்து, அட்டைக்குள் இருக்கும் காகிதப் பட்டையில் கோடு இழுத்து, உலர்த்தி, கட்டி உள்ள ஒருவரின் ரத்தத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது. அட்டையில் முதல் கோடு எப்போதும் விழும். அது வேறு சரக்கு. தயிரின் புண்ணியத்தில் ஃப்ரிட்ஜில் பிழைத்துக் கிடந்தது. ஆன்டிபாடி உயிரோடு இருந்து, ரத்தத்தில் கட்டியும் இருந்தால்தான் இரண்டாவது கோடு.

இந்தச் சோதனைக்கென்றே ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வைத்திருந்த ரத்தம் இருந்தது. அதுவும் அதே ஃப்ரீசரில்தான் இருந்தது. மூடியைத் திறந்த கோமதிநாயகம் உடனே மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

நின்றபோது அந்த யோசனை வந்தது.

ஒரு கோடு என்றால் நல்ல செய்தி. ஒரு கோடு விழுந்தால் டாக்டர் சிரிப்பார், நோயாளி வீட்டுக்குப் போவான். செத்த ஆன்டிபாடியில் செய்த அட்டை உலகத்துக்கே நல்ல செய்தி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும். ஒருத்தனும் புகார் கொடுக்க மாட்டான். கொடுக்க வேண்டியவன் உயிரோடு இருக்க மாட்டான்.

அந்த யோசனை எவ்வளவு பத்திரமாக இருந்தது என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது. உதறிவிட்டு மாடிப்படி இறங்கினார். கீழே முதலுதவி அறையில் நர்ஸ் அமலா, தெர்மாமீட்டருக்கு வைத்த பொட்டை அழித்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், ரத்தம் கட்டின ஆள் ஒருத்தர் வேணும். அவசரம்."

"இது ஃபேக்டரி சார். இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"அதான சிஸ்டர் இப்ப பிரச்சினை."

அமலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"மாசமா இருக்கறவங்களுக்கு அந்தப் புரதம் கொஞ்சம் ஏறும். அப்பறம் கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டவங்க, மணிக்கணக்கா காலத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்தே இருக்கறவங்க..."

இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே முகம் நினைவுக்கு வந்தது.

"கோதண்டண்ணன்," என்றார் கோமதிநாயகம்.

கோதண்டம் கம்பெனி வேன் டிரைவர். வல்லக்கோட்டைக்காரர். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு தாம்புக்கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். மேலே எப்போதும் ஒரு பேண்டேஜ் சுற்றியிருப்பார். வேனுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தவரிடம் கோமதிநாயகம் கையைப் பிடித்துக் கேட்டார்.

"ரத்தமா?" கோதண்டம் கையை உருவிக்கொண்டார். "இன்னா சார் நீங்க. பூஜை போட்டு வண்டி இன்னும் எலுமிச்சம்பயத்து மேல ஏறல. அதுக்குள்ள ரத்தங்கறீங்க. ஊசின்னாலே எனக்கு ஆவாது சார். கொரோனா ஊசிக்கே நாலு பேரு புடிச்சிகினாங்க."

"ஒரு டியூப்ண்ணே. ஒரே டியூப்."

"வேற எவனாச்சும் நல்ல ரத்தமா கீறவன் கிட்ட கேளுங்க சார்."

அடுத்த வழி, மாரிசெல்வி. பேக்கிங் லைன் லீடர். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஊர்க்காரி என்ற உரிமையில் கோமதிநாயகம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஏ தாயி, உங்க லைன்ல யாராவது உண்டாயிருக்காவளா?"

மாரிசெல்வி முகமூடியை இறக்கினாள். "என்ன சார் கேக்கிய?"

"மாசமா. யாராவது."

"கல்யாணம் ஆனவகள்ல கேக்கியளா, ஹாஸ்டல் பிள்ளைகள்ல கேக்கியளா?"

"யாரா இருந்தாலும் பரவால்ல. வெளிய தெரியாம கூட்டிட்டு வா."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் காற்றில் தொங்குவதை அவரே பார்த்தார். மாரிசெல்வி முகமூடியை ஏற்றிக்கொண்டு லைனுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் லைன் நின்றது.

மாசமாக இருக்கிற பெண்களை வேலையை விட்டு எடுக்கப் போகிறார்களாம், அதற்கு ரகசியமாகக் கணக்கெடுக்கிறார்களாம் என்று பேச்சு கிளம்பி, பேக்கிங்கிலிருந்து ஸ்டோருக்குப் போய், கேன்டீன் வழியாகத் திரும்பி வந்தபோது, கணக்கெடுப்பது கோமதிநாயகம் சார்தான், அதுவும் ஹாஸ்டல் பெண்களை மட்டும்தான் என்று வளர்ந்திருந்தது. முதலுதவி அறை வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"சார், எங்க யூனியன்ல சொல்லவா, இல்ல மகளிர் போலீஸ்ல சொல்லவா?" என்று நிதானமாகக் கேட்டாள் மாரிசெல்வி. "எது ஒங்களுக்கு வசதி?"

மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. கோமதிநாயகத்தின் வாயில் வந்தது இதுதான்:

"மெடிக்கல் கேம்ப் தாயி. எல்லாருக்கும் ஃப்ரீ பிளட் டெஸ்ட். ஆம்பளைக்கும்தான். அதுக்குத்தான் கேட்டேன், மாசமா இருக்கவங்கள மொதல்ல அனுப்பலாம்னு."

அமலா அவரைப் பார்த்த பார்வையில் மருந்து எதுவும் இல்லை.

*

இலவசம் என்ற சொல் கேட்டதும் கம்பெனியே கீழே இறங்கி வந்தது. ஒருவனுக்குப் பல்வலி. ஒருவனுக்குத் தூக்கம் வருவதில்லை. ஸ்டோர்க்காரன் தன் மாமியாரின் சுகர் மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்திருந்தான். மாசமாக இருக்கிற பெண் மட்டும் ஒருத்தியும் வரவில்லை. ஆனால் அமலா ஊசியை எடுத்ததும் வரிசை ஒரே அடியாகப் பின்னால் நகர்ந்தது. கூட்டத்தோடு கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்த கோதண்டம்தான் எல்லோருக்கும் பின்னால் இருந்தார்.

"போங்கண்ணே, ஒண்ணும் வலிக்காது," என்றார் கோமதிநாயகம்.

"வலிக்காதுன்னா நீங்க மொதல்ல குத்திக்கினு காட்டுங்க சார்," என்றார் கோதண்டம்.

கூட்டம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. கோமதிநாயகம் சட்டைக் கையை மடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அமலா நரம்பைத் தேடினாள்.

"கெடைக்கவே மாட்டேங்குது. தண்ணியே குடிக்கறதில்லையா சார்?"

"பஸ்ல எங்க சிஸ்டர் குடிக்க? குடிச்சா எறங்கணும்லா."

ரத்தம் டியூபில் ஏறியது. கோமதிநாயகம் அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்தபடி இருந்தார். அமலா டியூபை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, பேரெழுதி ஒட்டி, ஸ்டாண்டில் செருகி, "அடுத்து" என்றாள். குங்குமக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றிருந்த பாஞ்சாலி, "அவருக்கே ஒண்ணும் ஆவல, வாங்கடா," என்று பையன்களின் முதுகில் தட்டித் தட்டி முன்னால் தள்ளினாள்.

கோதண்டத்தை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வல்லக்கோட்டை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே கொடுத்தார்.

ஸ்டாண்ட் நிரம்பியதும் கோமதிநாயகத்துக்கு அடுத்த கவலை வந்தது. ஏசி லீவிலிருந்து இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அறை கொதித்தது. கேன்டீனில் கேம்ப்புக்காக ஜூஸ் கலக்கிய ஐஸ் பாதி மிச்சம் இருந்தது. அதைத் தெர்மோகோல் பெட்டியில் கொட்டி, டியூப்களை அதற்குள் நட்டு வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி ஏறியதும் நின்று மூச்சு வாங்கினார்.

"குடுங்க சார்," என்று பாஞ்சாலி வாங்கிக்கொண்டாள். "ஒரு கால இஸ்துக்கினு ஏர்றீங்க. கீய வுட்டீங்கன்னா அத்தன பேரு ரத்தமும் போச்சு."

அவள் முன்னால் போய்விட்டாள். அவர் கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி நின்று, லேப்புக்கு வந்து சேர்ந்தபோது பெட்டி மேஜை மேல் இருந்தது. ஐஸ் உருகி, டியூப்களில் பாதி சாய்ந்து, பேரெழுதி ஒட்டிய காகிதங்கள் எல்லாம் கழன்று குளத்து மீன் மாதிரி மேலே மிதந்தன. பாஞ்சாலி ஒரு ஓரமாக நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஸ்டிக்கர் போனாப் போவுது," என்றார் கோமதிநாயகம். "யார் ரத்தமா இருந்தா என்ன? ஒண்ணு, ஒரே ஒண்ணு ரெண்டு கோடு காட்டினா போதும்."

காலையில் கீழே இறங்கும் முன்பே ஆன்டிபாடியால் கோடு இழுத்து உலர வைத்திருந்த பட்டைகளை வரிசையாக அடுக்கினார். முதல் சொட்டு விட்டார். காத்திருந்தார்.

ஒரு கோடு.

அடுத்தது. ஒரு கோடு.

கம்பெனியில் இத்தனை பேர் இவ்வளவு ஆரோக்கியமாக இருப்பார்கள் என்று அவர் நினைக்கவே இல்லை. ஒவ்வொரு பட்டையும் ஒருவன் நூறு வயசு இருப்பான் என்று சொல்லச் சொல்ல, கோமதிநாயகத்தின் நெஞ்சு அடைத்தது. ஒரு கோடு என்றால் ரத்தம் கொடுத்தவன் நன்றாக இருக்கிறான், அல்லது ஆன்டிபாடி செத்துவிட்டது. இந்த உலகத்தில் யாராவது ஒருத்தன், முகம் தெரியாத எவனாவது ஒருத்தன், நன்றாக இல்லாமல் இருக்கக் கூடாதா? முருகா, ஒரே ஒருத்தன்.

அப்படி வேண்டிக்கொண்டதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை.

பெட்டியில் ஒரே ஒரு டியூப் மிச்சமிருந்தபோது கதவு திறந்தது.

*

"இவர்தான் கோமதிநாயகம். எங்க குவாலிட்டி," என்றார் சந்திரலேகா மேடம்.

டாக்டர் லீலா கட்டை குட்டையான பெண்மணி. கூட வந்த இருவரும் கைகட்டி நின்றார்கள். டாக்டரின் கண் மேஜையில் வரிசையாகக் கிடந்த பட்டைகளின் மேல் போனது. எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடு.

"எல்லாமே நெகட்டிவ்வா இருக்கே? பாசிட்டிவ் ஒண்ணு காட்டுங்க பார்க்கலாம்."

கோமதிநாயகம் கடைசி டியூபை எடுத்தார். மூடியில் லேசாகக் குங்குமம் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் குங்குமம் ஒட்டாதது எதுவும் இல்லை. சொட்டு பட்டையில் விழுந்து மெதுவாகப் பரவியது. சந்திரலேகா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். கோமதிநாயகம் அறை மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். நல்ல அளவான பெட்டி.

முதல் கோடு விழுந்தது.

பிறகு, யாரோ பேனாவை அழுத்தி இழுத்தது போல, இரண்டாவது கோடு. கறுத்து, தடித்து, முதல் கோட்டையே மங்கலாக்கிக்கொண்டு.

ஆன்டிபாடி உயிரோடு இருந்தது. மாலை போட்டதை எல்லாம் அது பொருட்படுத்தவே இல்லை.

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சந்திரலேகா மேடம் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பது அன்றுதான் கம்பெனிக்குத் தெரிந்தது.

டாக்டர் லீலா சிரிக்கவில்லை. பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு அழுத்தமான கோடு நான் அபூர்வமாத்தான் பார்த்திருக்கேன். யாரோட ரத்தம் இது?"

"எங்க வேன் டிரைவர் டாக்டர்," என்றார் கோமதிநாயகம் தயங்காமல். வேறு யாராக இருக்க முடியும்? "கோதண்டம்னு பேரு. கால் பூரா நரம்பு முடிச்சு."

"இப்ப எங்க இருக்கார்?"

"கீழ கேன்டீன்ல சாப்பிட்டுக்கிட்டு இருப்பார்."

"உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நடக்க விடாதீங்க, படி ஏற விடாதீங்க, எதையும் தூக்க விடாதீங்க. கால்ல இருக்கற கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போச்சுன்னா, கூப்பிட்டுத் திரும்பறதுக்குள்ள ஆள் இருக்க மாட்டார்."

கோமதிநாயகம் ஓடினார்.

கால் வலியை மறந்து படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். லேப்பில் வேண்டிக்கொண்டது அவரைத் துரத்திக்கொண்டு வந்தது. ஒரே ஒருத்தன் முருகா என்று கேட்டாயே, கொடுத்துவிட்டான் பார். தன் வேலைக்காக ஒரு மனுஷனின் நோயை வேண்டிக்கொண்ட பாவத்தை, அவரைக் காப்பாற்றித்தான் கழுவ வேண்டும்.

கேன்டீனில் கோதண்டம் இரண்டாம் முறை சாம்பார் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வைக்காதீங்க."

"இன்னா சார், பாம்பா?"

"ஒங்க ரத்தத்துல கட்டி இருக்குண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

கோதண்டம் தட்டையும் சோற்றையும் பார்த்தார். "சாப்ட்டு நானே வண்டிய ஓட்டினு போறேன் சார்."

"நீங்க ஓட்டக் கூடாது. நடக்கவே கூடாது."

"எனக்கு ஒண்ணியும் இல்ல சார். காலைல ஏரிக்கரை வரிக்கும் நடந்துட்டு வந்தேன்."

"அது தெரியாம நடந்தது. இப்பத் தெரிஞ்சு போச்சுல்லா."

சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று கோமதிநாயகம் குனிந்து, கோதண்டத்தை அப்படியே தூக்கினார். எழுபத்தைந்து கிலோ குறையாது. கையில் சாம்பார்க் கிண்ணத்தோடு தூக்கப்பட்ட கோதண்டம், "வுடுங்க சார், எல்லாரும் பாக்கறானுங்க," என்று வெட்கப்பட்டார். கேன்டீனைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டு, வேனின் பின்சீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தபோது கோமதிநாயகத்தின் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது.

செக்யூரிட்டி சுபாஷ் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். அமலா ஆக்சிஜன் சிலிண்டரோடு பின்னால் ஏறிக்கொண்டாள். கம்பெனியில் இருந்த ஒரே சிலிண்டர்.

"எலுமிச்சம்பயத்து மேல ஏத்திட்டுப் போ தம்பி," என்று படுத்தபடியே சொன்னார் கோதண்டம். "போணி வண்டி."

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வேன் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் திரும்பி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மறைந்தது.

*

கோமதிநாயகம் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. நெஞ்சில் ஒரு பக்கமாக ஏதோ குத்தியது. மத்தியானம் சாப்பிடாததால் இருக்கும். இடது கால் ஷூ இறுக்கிப் பிடித்தது. லேசைத் தளர்த்திவிட்டார்.

செல்போன் அடித்தது.

"கோமதி, டாக்டர் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டாங்க," என்றார் சந்திரலேகா மேடம். "மேல வாங்க. உங்ககூடப் பேசணுமாம். ஒரு டிரைவருக்காக இப்படி ஓடற ஆபீசரை அவங்க பார்த்ததே இல்லையாம்."

"வாரேன் மேடம்."

எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தபோது பாஞ்சாலி வந்து எதிரே நின்றாள். கையில் ஒரு டம்ளர் மோர். ஃப்ரிட்ஜில் பிழைத்த தயிரில் கலக்கியது.

"சார், கோதண்டண்ணன எதுக்கு சார் படுக்க வெச்சி இட்டுனு போறாங்க?"

"அவர் ரத்தத்துலதான்க்கா ரெண்டு கோடு விழுந்துது." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. "நல்ல வேளை, ஒரு உசுரக் காப்பாத்திட்டோம். நீ ஆஃப் பண்ணதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு."

"அவுரு டியூபுலயா சார்?"

"ஆமா. கடைசியா இருந்ததே, மூடியில பொட்டு வச்சிருந்த டியூபு. அதான்."

பாஞ்சாலியின் கையில் மோர் ஆடியது. அவள் வேன் போன ரோட்டைப் பார்த்தாள். பிறகு அவருடைய காலைப் பார்த்தாள்.

"கோதண்டண்ணன் டியூப நான் மாடிப்படில கீய போட்டு ஒடச்சிட்டேன் சார், பயந்துகினு சொல்லல," என்றாள். "பொட்டு வெச்சது மொத போணி டியூபு சார். உங்குளுது."